புதுப்பிப்பு: கடனில் இருக்கும் வீட்டை வாடகைக்கு விடுவது

கோவைக்கு மாற்றலாகிவிட்டது, வீட்டுக்கடன் ஓடும் தாம்பரம் ஃபிளாட்டை வங்கியிடம் சொல்லாமல் வாடகைக்கு விடலாமா என்று கேட்டிருந்தேன். "இஎம்ஐ ஒழுங்காகக் கட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்?" என்றார்கள் பலர்.

கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்று தெளிவாகவே இருக்கிறது. 1882 சொத்து மாற்றுச் சட்டம் 65ஏ பிரிவு, அடமானத்தில் உள்ள கட்டடத்தை 3 ஆண்டு வரை வாடகைக்கு விட இடம் தருகிறதுதான். ஆனால் ஒப்பந்தத்தில் தடை இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. தவணை தவறி, நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்ற வங்கிக்கு வழி தரும் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் நோட்டீஸ் வந்துவிட்டால் நிலைமை இன்னும் இறுகும்.

கிளையில் கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கினேன். 11 மாத ஒப்பந்த வரைவைப் பார்த்துவிட்டு ஒப்புதல் தந்துவிட்டார்கள். அந்த ஒப்புதலின் நகலைக் குடிவருபவரிடமும் கொடுத்தேன். வங்கி வீட்டைக் கைப்பற்ற வந்தால், அட்வான்ஸுக்கும் வழியில்லாமல் முதலில் வெளியே நிற்பது அவர் குடும்பம்தானே.