டெலவேர் ஆற்றங்கரையில் காட்டுப்பூ நடை: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு முட்டிவலி, மலையேற்றமெல்லாம் ஆகாது. அதனால் ஏப்ரல் கடைசியில், அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள பௌமன்ஸ் ஹில் காட்டுப்பூக் காப்பகத்துக்குக் கூட்டிப்போனேன். நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருப்பவர்கள் லாம்பர்ட்வில் பாலம் தாண்டி, நியூ ஹோப்பிலிருந்து ரிவர் ரோட்டில் தெற்கே வந்தால் போதும். 1934-இல் தொடங்கிய இடம், 134 ஏக்கர். அந்த மண்ணுக்கே உரிய செடிகொடிகளுக்கென்றே வைத்திருக்கிறார்கள். உள்ளே ஓடும் பிட்காக் ஓடை டெலவேரில் போய்ச் சேர்கிறது.

ஓடையோரம் மட்டும்தான் நடந்தோம். அங்கேயே வர்ஜீனியா புளூபெல் பூத்துக் கிடந்தது. அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "ஒரே கொத்துல ரெண்டு நிறம் பாருடி" என்றார். மொட்டு இளஞ்சிவப்பு, விரிந்தது நீலம். மொட்டு விரியும்போது இதழுக்குள் அமிலத்தன்மை குறைவதால் வரும் மாற்றம் இது.

மரங்கள் இலைவிட்டு நிழல் கட்டுவதற்கு முந்தைய சில வாரங்கள்தான் இந்தக் காட்டுப்பூக்களுக்கு வெயில் கிடைக்கும் காலம். அதற்குள் பூத்துக் காய்த்துவிடும்; கோடை நடுவில் போனால் புளூபெல்லின் இலைகூடக் கண்ணில் படாது. லீவு கிடைக்கும்போது போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

———

அக்கா, நான் போன அன்று பிளட்ரூட் பூத்திருந்தது. ஒற்றை இலை காம்பைச் சுற்றிக்கொண்டு நிற்க, அதன் நடுவிலிருந்து வெள்ளைப் பூ எட்டிப்பார்க்கும். ஓரிரு நாளில் இதழ் உதிர்ந்துவிடும். இதன் விதையில் கொழுப்புச்சத்துள்ள சின்னத் துணுக்கு ஒன்று ஒட்டியிருக்கும். அதற்காக எறும்புகள் விதையைப் புற்றுக்கு இழுத்துப் போய், துணுக்கைத் தின்றுவிட்டு விதையை அங்கேயே போட்டுவிடும். முளைப்பது அங்கேதான். டிரில்லியம் என்ற மூவிலைக் காட்டுப்பூச் செடிக்கும் இதே ஏற்பாடு.

மனசு பதறிய விஷயம் ஒன்று: ஒருவர் படம் எடுக்கப் பாதையை விட்டிறங்கி, டிரில்லியத்தை மிதித்துக்கொண்டே போனார். விதையிலிருந்து அது பூக்க ஏழெட்டு வருஷமாவது ஆகும். இருக்கிற மூன்று இலையும் போனால் அடுத்த வருஷத்துக்குக் கிழங்கில் சேமிக்க வழியே இல்லை. மான்கள் மேய்ந்துவிடும் என்றுதான் காப்பகத்தைச் சுற்றி உயரமாக வேலி போட்டிருக்கிறார்கள். மானைத் தடுத்துவிட்டு மனுஷன் மிதித்தால் எப்படி? குழந்தைகளோடு போகிறவர்கள் வண்டியிலிருந்து இறங்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

———

உண்ணியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! மான் உண்ணியின் குஞ்சு கசகசா அளவுதான் இருக்கும், கடித்தாலும் தெரியாது. லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்புவது அதுதான். வெளிர்நிற பேன்ட் போட்டு, அதன் நுனியை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் குளித்து, முட்டிக்குப் பின்புறம், அக்குள், பிள்ளைகளின் தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். எண்ணெய் தடவுவது, சூடு வைப்பது எல்லாம் வேண்டாம்.