மாடி அறை பேஸ் பெட்டிகள்: கொழிஞ்சாம்பாறை குடும்பக் குழு

நான், காலை 8:40
மைக்செட் மாமா, வணக்கம். மாடி அறையில் இருக்கும் இரண்டு 15 அங்குல சப்வூஃபர்களுக்கும் (பேஸ் பெட்டிகள்) ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) போதவில்லை என்று நினைக்கிறேன். சோபாவில் உட்கார்ந்தால் இடிச் சத்தம்கூடத் தட்டையாகக் கேட்கிறது. ஒலியைக் கூட்டினால் ஆம்பில் சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றுவிடுகிறது. கோயம்புத்தூரில் இரு மடங்கு வாட் உள்ள ஆம்ப் ஒன்று கிடைக்கிறது. வாங்கிவிடலாமா?

மைக்செட் மாமா, காலை 8:58
அவசரப்படாதே. வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல்தான், அதாவது சற்றுத்தான் கூடும். அதற்காகவா இவ்வளவு பணம்? முதலில் இதைச் சொல்: ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் எத்தனை காயில் (கம்பிச்சுருள்), எத்தனை ஓம் (மின்தடை), எப்படி இணைத்திருக்கிறாய்? ஆம்பின் பின்புறத்தில் குறைந்தபட்ச ஓம் என்று என்ன அச்சிட்டிருக்கிறது? குரல் செய்தி வேண்டாம், எழுது. போன வருடம் ஒருவர் போனில் அரைகுறையாகச் சொன்னதைக் கேட்டு வழி சொல்லி, ஒரு ஆம்ப் புகைந்துவிட்டது.

நான், காலை 9:20
ஒவ்வொன்றிலும் 4 ஓம் காயில் இரண்டு உள்ளன. கடைக்காரர் இரண்டையும் இணையாக இணைத்து, ஒரு சேனலுக்கு ஒரு பெட்டி என்று கொடுத்தார். ஆம்பில் ‘ஒரு சேனலுக்குக் குறைந்தது 4 ஓம்’ என்று இருக்கிறது.

மைக்செட் மாமா, காலை 9:31
சிவப்பு விளக்குக்குக் காரணம் அதுதான். 4 ஓம் காயில் இரண்டை இணையாகக் கட்டினால் 2 ஓம் ஆகிவிடும்; 4 ஓமுக்குக் குறையக்கூடாத ஆம்ப், மின்னோட்டம் தாங்காமல் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. ஒரு காயிலின் மைனஸை மற்றதன் பிளஸோடு சேர்த்து வரிசையாகக் கட்டு, 8 ஓம் கிடைக்கும். கட்டிய பிறகு மல்டிமீட்டர் வைத்துப் பார்; ஒரு 4 ஓம் காயிலுக்கு மூன்றரை போலவும், வரிசையாகக் கட்டியதற்கு ஏழு போலவும் காட்டினால் சரி. 4 ஓமில் கிடைக்கும் வாட்டில் ஏறக்குறையப் பாதிதான் கிடைக்கும், ஆனாலும் குறைவது அதே 3 டெசிபல்தான்.

மீனாட்சிபுரம் மச்சான், காலை 9:40
மாமா, அந்த ஆம்பைப் பிரிட்ஜ் செய்து (இரண்டு சேனல்களையும் ஒன்றாக்கி) இரண்டு பெட்டிகளையும் அதில் கொடுத்தால் என்ன?

மைக்செட் மாமா, காலை 9:47
பிரிட்ஜில் ஒவ்வொரு சேனலும் சுமையில் பாதியைத்தான் காணும். 8 ஓம் பெட்டிகள் இரண்டை இணையாகக் கொடுத்தால் மொத்தம் 4 ஓம், ஆகவே ஒவ்வொரு சேனலுக்கும் மீண்டும் அதே 2 ஓம். மாப்பிள்ளை, வந்த வழியே போகச் சொல்கிறாய்.

நான், மதியம் 1:15
வரிசையாக மாற்றிவிட்டேன், விளக்கு எரியவில்லை. ஆனால் இரண்டு குறைகள் இருக்கின்றன. படம் ஓடாதபோதும் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் கேட்கிறது. சோபாவில் பேஸ் இன்னும் வரவில்லை.

மைக்செட் மாமா, மதியம் 1:30
உறுமல் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தினுடையது. கேபிள் டிவி ஒயரை ரிசீவரிலிருந்து (படத்தின் ஒலியை ஆம்புக்கு அனுப்பும் பெட்டி) கழற்றிப் பார். உறுமல் நின்றால், எர்த் இரண்டு வழியாக வந்து வட்டமடிக்கிறது என்று பொருள். அந்த ஒயருக்கு, எர்த் தொடர்பைப் பிரிக்கும் ஐசோலேட்டர் ஒன்று போதும். யார் சொன்னாலும் ஆம்பின் எர்த் பின்னை மட்டும் வெட்டாதே. கோயில் ‘வேலா’ திருவிழாக்களில் ஷாக் அடித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். ரிசீவரின் ஆர்.சி.ஏ. துளையிலிருந்து ஆம்பின் மூன்று பின் எக்ஸ்.எல்.ஆர். துளைக்கு வரும் கேபிளில், சிக்னல் 2-ஆம் பின்னுக்கும் ஷீல்டு (சுற்றிலும் உள்ள கம்பி உறை) 1-க்கும் 3-க்கும் போயிருக்க வேண்டும்.

நான், மதியம் 2:05
கேபிள் டிவி ஒயரைக் கழற்றியதும் உறுமல் போய்விட்டது! பேஸ்தான் மிச்சம். ரிசீவர் மைக் வைத்துத் தானாக அளந்ததில் சப்வூஃபருக்கு +12 டெசிபல் என்று வந்திருக்கிறது.

மைக்செட் மாமா, மதியம் 2:25
+12 என்றால் ரிசீவர் கத்திக் களைக்கிறது. ஆம்பின் குமிழைத் திருகி, மறுபடி அளக்கும்போது 0-வுக்கும் −6-க்கும் இடையில் வரும்படி வை. அந்தக் குமிழ் வாட்டைக் கூட்டுவதில்லை, உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெரிதாக்குவது என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. ஆனால் உன் குறை அதுவல்ல என்று தோன்றுகிறது. அறை எவ்வளவு நீளம், சோபா எங்கே?

நான், மதியம் 2:31
நீளம் 5 மீட்டர். சோபா சரியாக நடுவில் இருக்கிறது. சுவர் ஓரமாக நின்றால் நெஞ்சு அதிர்கிறது, மாமா.

மைக்செட் மாமா, மதியம் 2:50
அப்படியானால் ஆம்பைக் குற்றம் சொல்லாதே. ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. 5 மீட்டர் அறையின் இரு சுவர்களுக்கும் இடையில் முதலில் தேங்கி நிற்பது 34 ஹெர்ட்ஸ் அலை. சுவரோரம் அது உச்சமாகவும், நடுவில் ஏறத்தாழ இல்லாமலும் இருக்கும். அந்த வெற்றிடத்தில் நீ உட்கார்ந்துகொண்டு, பத்தாயிரம் வாட் வாங்கினாலும் வெற்றிடம் வெற்றிடமே. சோபாவைப் பின்சுவரிலிருந்து 1.7 மீட்டருக்குத் தள்ளு. பிறகு சோபா இருக்கும் இடத்தில் ஒரு பெட்டியை வைத்து (கனம், இரண்டு பேர் தூக்குங்கள்) பேஸ் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரம் குனிந்து நடந்து பார். எங்கே நன்றாகக் கேட்கிறதோ அங்கேதான் பெட்டிக்கு இடம். துளை வைத்த பெட்டிதானே? ஆம்பில் சப்ஸானிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் வடிகட்டி) இருந்தால், பெட்டியின் டியூனிங் அதிர்வெண்ணுக்குச் சற்றுக் கீழே வை. இல்லாவிட்டால் அதற்குக் கீழே ஸ்பீக்கரின் கோன் பிடிமானம் இன்றித் துள்ளிக் கிழியும்.

கீழ்வீட்டு அத்தை, மாலை 6:10
கண்ணு, என்ன செய்தாய்? நேற்று வரை சும்மா இருந்த என் பரணில் பித்தளை அண்டா இப்போது தானாகப் பாடுகிறது.

நான், மாலை 6:14
சோபாவை நகர்த்தி, பெட்டிகளை இடம் மாற்றினோம், அத்தை. இப்போதுதான் பேஸ் வருகிறது. ஆம்ப் பழையதுதான்.

மைக்செட் மாமா, மாலை 6:20
அக்கா, அண்டாவுக்குள் ஒரு பழைய சாக்கைத் திணித்து வையுங்கள். தம்பி, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் குமிழைத் தொடாதே. நாளை காலை மீட்டரோடு நானே வருகிறேன்.