பெண்கள் வரலாற்றுக் கட்டுரையில் பாலினம், இனம், வர்க்கம் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுத வேண்டுமா?

கேள்வி:
பெண்கள் வரலாற்று வகுப்புக்காக, 1913 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியைப் பற்றிக் கட்டுரை எழுதி வருகிறேன். பாலினம், இனம், வர்க்கம் என மூன்று பகுதிகளாக அமைத்திருந்த வரைவைப் படித்த பேராசிரியர், “இது பட்டியல், பகுப்பாய்வு அல்ல” என்று ஓரத்தில் குறித்துத் திருப்பித் தந்துவிட்டார். பாலினப் பகுப்பாய்வும், இன்டர்செக்‌ஷனாலிட்டி எனப்படும், இவை ஒன்றோடொன்று பின்னி இயங்குவதைக் காணும் குறுக்குவெட்டுப் பார்வையும் ஏட்டளவில் புரிகின்றன; ஒரு நிகழ்வை அவற்றின் வழியாக எப்படி வாசிப்பது என்பதுதான் பிடிபடவில்லை.

மறுமொழி 1:
மூன்றாகப் பிரித்ததுமே, கறுப்பினப் பெண்ணின் நிலை எந்தப் பகுதியிலும் முழுமையாக அடங்காமல் போகிறது. அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் குறுக்குவெட்டுப் பார்வை என்ற கருத்தை முன்வைத்தபோது எடுத்துக்காட்டிய வழக்குகளில் ஒன்று, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு எதிராகக் கறுப்பினப் பெண்கள் ஐவர் தொடுத்து, 1976இல் தீர்ப்பான வழக்கு. 1964க்கு முன் கறுப்பினப் பெண்களைச் சேர்க்காத அந்நிறுவனத்தில், பின்னாளில் சேர்ந்தவர்கள் பணிமூப்பு அடிப்படையிலான ஆட்குறைப்பில் வேலையிழந்தார்கள். வெள்ளைப் பெண்கள் முன்பே பணியில் இருந்ததால் பாலினப் பாகுபாடு இல்லை என்ற நீதிமன்றம், இனப் பாகுபாட்டுக்கு வேறொரு வழக்கோடு சேர்ந்துகொள்ளச் சொன்னது. இரண்டையும் இணைத்துப் பார்க்க மறுத்தது. உங்கள் வரைவும் அந்த நீதிமன்றத்தைப் போலத்தான் நடந்துகொள்கிறது.

மறுமொழி 2:
வழக்கு பொருத்தமானதுதான், ஆனால் வரலாற்று மாணவருக்கு அது பாதி வழியே காட்டும். தென்மாநில வெள்ளைப் பெண்கள் விலகிவிடுவார்கள் என்று அஞ்சிய பேரணி ஏற்பாட்டாளர்கள், இல்லினாய் மாநில அணியோடு வந்திருந்த கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸைப் பின்வரிசையில் நடக்கச் சொன்னார்கள். மறுத்த அவர், ஊர்வலம் நகரத் தொடங்கிய பிறகு கூட்டத்திலிருந்து வெளிப்பட்டுத் தம் மாநில அணியில் சேர்ந்துகொண்டார். இதைப் ‘பாகுபாடு’ என்று பெயரிட்டு நகர்ந்தால் உங்கள் இரண்டாம் பகுதி நிரம்பும், அவ்வளவே.

பாலினப் பகுப்பாய்வோ வேறொன்றைக் கேட்கும்: வெள்ளைக் குதிரையில் வெள்ளுடையோடு வாக்குரிமைப் போராளி இனெஸ் மில்ஹாலண்ட் பேரணியின் முன்னே செல்ல, எத்தகைய பெண்மை அன்று தெருவில் காட்சிக்கு வைக்கப்பட்டது? தூய்மையும் கண்ணியமும் உடைய, ஆகவே வாக்குக்குத் தகுதியான பெண்மை. அதே தூய்மையைக் காப்பதாகச் சொல்லித்தான் தென்மாநிலங்களில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பின ஆண்களைக் கொன்றன. அந்தக் காரணம் பொய் என்பதை வெல்ஸே 1892இல் ‘சதர்ன் ஹாரர்ஸ்’ என்ற சிறுநூலில் அம்பலப்படுத்தியிருந்தார். அன்றைய பெண்மை என்ற கருத்தே இனத்தால் வார்க்கப்பட்டிருந்தது என்றால், பாலினத்தை முதலில் எழுதிவிட்டு இனத்தைப் பிறகு சேர்க்க இடமே இல்லை. ஆண்களைப் பற்றிய கற்பனைகளும் இதற்குள் வருகின்றன. பாலினப் பகுப்பாய்வைப் பெண்களைப் பற்றிய ஆய்வு என்று மட்டும் எண்ணுபவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஆனால் 1989இல் பெயர்பெற்ற கருத்தை 1913இன் மீது ஏற்றுவது காலப்பிறழ்வு ஆகாதா?

மறுமொழி 3:
அன்றைய மனிதர்கள் இச்சொல்லால் சிந்தித்தார்கள் என்று எழுதினால் ஆகும். நீங்கள் ஆராயும் கருவியாக வைத்துக்கொண்டால் ஆகாது. கறுப்பினப் பெண் இனச் சிக்கலையும் பெண் பற்றிய கேள்வியையும் ஒருசேர எதிர்கொள்கிறாள் என்று கறுப்பின எழுத்தாளர் அன்னா ஜூலியா கூப்பர் 1892லேயே எழுதிவிட்டார்.

என் கவலையெல்லாம் சான்றுகளைப் பற்றியது. அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற கறுப்பினப் பேச்சாளர் சோஜர்னர் ட்ரூத் 1851இல் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரனில் ஆற்றிய உரையைச் சில வாரங்களில் பத்திரிகை ஆசிரியர் மாரியஸ் ராபின்சன் அச்சிட்டபோது, ‘நான் பெண் இல்லையா’ என்ற புகழ்பெற்ற வரி அதில் இல்லை. 1863இல் பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர் பிரான்சிஸ் கேஜ் வெளியிட்ட வடிவத்தில்தான் அது, தென்மாநிலப் பேச்சுவழக்கோடு வருகிறது. ட்ரூத்தோ நியூயார்க் மாநிலத்தில் டச்சு மொழி பேசி வளர்ந்தவர். கேஜின் வடிவம், ஒரு வெள்ளைப் பெண் அந்தக் குரலை எப்படிக் கேட்க விரும்பினார் என்பதற்குத்தான் உறுதியான சான்று. பேரணிச் செய்திகளையும் இதே ஐயத்தோடு வாசியுங்கள். ஹோவர்ட் பல்கலைக்கழகக் கறுப்பின மாணவியரும் அன்று நடந்தார்கள். தொழில்வாரியாகவும் கல்விவாரியாகவும் வகுக்கப்பட்ட அணிகளில் யாருக்கு எங்கே இடம் கிடைத்தது என்று தேடினால், நீங்கள் மூன்றாம் பகுதிக்கு ஒதுக்கிய வர்க்கம் தானாகவே உள்ளே வந்துவிடும்.