கீழக்கரையில் சொட்டு மருந்து கொடுத்த பிள்ளைக்கு இங்கே மறுபடியும் போலியோ ஊசியா?

கீழக்கரை உம்மா:
சலாம். இங்கே வந்து மூன்று வாரம்தான். நாளை மறுநாள் பிள்ளைக்கு ஊசி என்று கிளினிக்கிலிருந்து அழைத்தார்கள், போலியோவும் அதில் உண்டாம். ஊரில் சொட்டு மருந்தெல்லாம் கொடுத்தாயிற்று. பேருந்து நிலைய முகாமுக்கும் மாமி தூக்கிப்போய், சுண்டு விரலில் மை வைத்துக் கூட்டி வந்தார்கள். மறுபடி போட்டால் அதிகமாகிவிடாதா? தடுப்பூசி அட்டை கீழக்கரை வீட்டு அலமாரியில் கிடக்கிறது. பிள்ளைக்குச் சளி வேறு. எனக்குத் தூக்கமே இல்லை.

தொண்டிக்காரன்:
தங்கச்சி, முதலில் வீட்டின் ஈரத்தைக் கவனியுங்கள். நாங்கள் வந்த முதல் குளிரில் சுவரெல்லாம் பூஞ்சை. மகனுக்கு மூன்று மாதம் இருமல். தினமும் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பாம்பன் அண்ணன்:
ஊசி தேவையே இல்லை. இந்தியாவில் வைல்டு போலியோ, அதாவது இயற்கையாகப் பரவும் போலியோ, கடைசியாக வந்தது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத பகுதி என்று சான்றும் கொடுத்துவிட்டார்கள். எல்லாம் அந்தச் சொட்டு மருந்தால்தான்.

மண்டபம் அக்கா:
தம்பி, அப்படிச் சொல்லாதீர்கள். அட்டை இல்லாததால் என் மகளுக்கு எல்லா ஊசியும் முதலிலிருந்து போட்டார்கள். அந்த நேரம் வீட்டுக்காரர் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்டு நின்றார். அழுதுகொண்டே கிளினிக் போனேன்.

தொண்டிக்காரன்:
எங்களிடமும் ஆறு மாதம்தான் கேட்டார்கள். டாக்டரைப் பார்க்கக் காலை எட்டு மணிக்கே போனைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். ஊரில் நர்ஸம்மா வீடு தேடி வருவார்.

தேவிபட்டினம் செவிலி:
வாடகைப் பேச்சு அப்புறம். தங்கச்சி, எந்த நாடு? பிள்ளைக்கு எத்தனை மாதம்? கடைசி ஊசி எப்போது?

கீழக்கரை உம்மா:
மன்னிக்கவும் லாத்தா. இங்கிலாந்து, லெஸ்டர். பதினாலு மாதம். மூன்றரை மாதத்தில் போட்டதுதான் கடைசி. ஒன்பதாம் மாத ஊசி விசா அலைச்சலில் விட்டுப்போனது.

தேவிபட்டினம் செவிலி:
அப்படியானால் கட்டாயம் போடுங்கள். போலியோ கிருமியில் மூன்று வகை உண்டு. 2016 ஏப்ரல் முதல் நம் சொட்டு மருந்தில் 1, 3 வகைகள் மட்டும்தான். இரண்டாம் வகைக்குத்தான் நம்மூரில் 6, 14 வாரத்திலும் ஒன்பதாம் மாதத்திலும் வலது அல்லது இடது கையில் தோலுக்குள் சிறிய ஊசி போடுகிறார்கள். அது 0.1 மில்லி, முழு அளவில் ஐந்தில் ஒரு பங்கு. உங்கள் பிள்ளைக்கு மூன்றாவது விட்டுப்போயிருக்கிறது.

பிரிட்டனில் 2004 முதல் ஊசி மட்டும்தான், மூன்று வகைக்கும் சேர்த்து. அதில் இருப்பது செத்த கிருமி, அதனால் நோய் வராது. முன்பு சொட்டு குடித்திருந்தாலும் கெடுதல் இல்லை. காய்ச்சல் இல்லாத சளி என்றால் தள்ளிப்போட வேண்டாம். நல்ல காய்ச்சல் அடித்தால் மட்டும் போன் செய்து வேறு நாள் கேளுங்கள்.

இன்றைக்கு அட்டைதான் முக்கியம். சான்று இல்லையென்றால் ஊசியே போடாத பிள்ளையாகத்தான் கணக்கெடுப்பார்கள், மண்டபம் அக்காவுக்கு நடந்தது அதுதான். சான்று இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மாமியிடம் ஒவ்வொரு பக்கத்தையும் தேதி தெரியப் படம் எடுக்கச் சொல்லுங்கள். முகாம் சொட்டு அட்டையில் ஏறியிருக்காது, அதை வாயால் சொல்லுங்கள். "எல்லாம் போட்டாச்சு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கீழக்கரை உம்மா:
சுபுஹுக்கு எழுந்ததும் மாமி படம் அனுப்பிவிட்டார்கள் லாத்தா. 14ஆம் வாரத்தில் தேதி இருக்கிறது, கையெழுத்து இல்லை.

தேவிபட்டினம் செவிலி:
அதையும் அப்படியே காட்டுங்கள். நீங்களாக எதையும் எழுதிச் சேர்க்க வேண்டாம். பிள்ளைக்குக் கை எளிதாக வெளியே வருகிற சட்டை போட்டுக் கூட்டிப் போங்கள்.