கொலுசுப் பட்டறையில் மாஸ்க், கையுறை, கண்ணாடி: கட்டாயமாக்கலாமா?

வெங்காரம்:
சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் பல கொலுசுப் பட்டறைகளில் பற்றவைக்கிறவர் மூக்கிலும் ஒன்றும் இல்லை, பாலிஷ் மோட்டாரில் இருப்பவர் கண்ணிலும் ஒன்றும் இல்லை. கேட்டால் "வேர்க்குது, வேலை ஓடாது" என்பார்கள். கிலோ கூலிக்கு வேலை, மெதுவானால் காசு குறையும், அது நிஜம். ஆனாலும் மூன்றையும் கட்டாயமாக்கணும் என்கிறேன். மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்க.

பஃப்_2800:
கையுறையை மட்டும் தூக்கிடுங்க அண்ணா. பஃப், அதான் பாலிஷ் போடற துணிச் சக்கரம், அதோட மோட்டார் நிமிஷத்துக்கு 2800 சுத்து. 6 அங்குல பஃப்னா விளிம்பு வேகம் வினாடிக்கு 22 மீட்டர். தொங்கற சங்கிலி முனை சிக்குச்சுன்னா வெறுங்கையில இருந்து பிடுங்கிட்டுப் போயிடும், விரல் தப்ப வாய்ப்பு இருக்கு. துணிக் கையுறை போட்டிருந்தா கையையும் சேர்த்துச் சுத்தும். கொலுசை மரக்கட்டையில சுத்தி, முனையைக் கட்டிட்டு, சக்கரத்தோட நடுமட்டத்துக்குக் கீழ பிடிக்கணும். அப்பப் பிடுங்கினாலும் தரைப்பக்கம்தான் போகும். சூடு தாங்கலைன்னா விரல்நுனிக்குத் தோல் உறை போதும், இழுத்தா கழண்டுடும். கண்ணாடி வேணும்ங்கறதுல எனக்கும் மறுப்பில்லை.

ஊதுகுழல்:
மாஸ்க் என்கிறீர்களே, எந்த மாஸ்க்? மருந்துக்கடை நீல மாஸ்க் என்றால் போடாமலே இருக்கலாம். நான் பொடி வைத்துப் பேசவில்லை, பொடியைப் பற்றியே பேசுகிறேன். பற்றுப்பொடியில், அதாவது கண்ணிகளை ஒட்டவைக்கும் உலோகப் பொடியில், காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தால் அது 767 டிகிரியில் கொதிக்கும். சுத்த வெள்ளி உருகவே 962 வேண்டும். டார்ச்சை ஒரே இடத்தில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் போதும், காட்மியம் புகையாகிவிடும். வாடை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பட்டறையில் ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போய் பல மணி நேரம் கழித்துத்தான் காய்ச்சல், இருமல், நெஞ்சு இறுக்கம். துத்தநாகப் புகைக் காய்ச்சல் ஓரிரு நாளில் தணியும். இதையும் அப்படி நினைத்துப் படுத்துவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். தினம் கொஞ்சமாகப் போவது சிறுநீரகத்தில் பல வருஷம் தங்கும். தங்கத்தில் காட்மியம் பற்று வைத்து 'கேடிஎம்' என்று போர்டு மாட்டி விற்றார்களே, அதே சரக்குதான். முதலில் பொடியை மாற்றுங்கள்.

வெங்காரம்:
காட்மியம் இல்லாத வெள்ளி, செம்பு, துத்தநாகப் பொடிக்குச் சூடு கூட வேண்டும். மெல்லிய கண்ணி அதற்குள் இளகிவிடும். பட்டறைகள் தயங்குவது அதனால்தான். மாறும்வரை என்ன செய்வது? பி-100 என்ற நுண்துகள் வடிகட்டி போட்ட அரைமுக ரப்பர் மாஸ்க் இந்தப் புகையைத் தடுக்கும். வடிகட்டி இரண்டையும் உள்ளங்கையால் பொத்தி மூச்சை இழுத்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டிக்கொள்ளணும். தாடிக்காரருக்கு ஒட்டாது.

ஊதுகுழல்:
அதே மாஸ்க்கோடு ஒருவர் நைட்ரிக் அமிலத்தில் வெள்ளி கரைக்கப் போவார். அந்தப் பழுப்புப் புகை வாயு, பி-100 வழியாக நேரே உள்ளே போகும். 'மாஸ்க் போட்டாச்சு' என்ற தைரியத்தில் இன்னும் குனிவார். தவிர, கட்டாயம் என்று யார் வந்து பார்ப்பது? மின்சாரம் வைத்து வேலை செய்யும் இடம் என்றால் 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் 10 பேர் வேண்டியிருந்தது, 2020 தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 20 ஆக்கிவிட்டது. நாலு பேர் பட்டறை இரண்டிலும் வராது.

மேசை மட்டத்தில் புகை உறிஞ்சி வையுங்கள். உறிஞ்சியின் வாய் வேலைக்கு ஒட்டி இருக்கணும். 4 அங்குலக் குழாய் என்றால் 4 அங்குலம் தள்ளினாலே இழுவை பத்தில் ஒரு பங்காகிவிடும். சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால், புகை முகத்தைத் தாண்டித்தான் அங்கே போகும்.

பஃப்_2800:
உறிஞ்சின்னாலே முதலாளி சொல்ற முதல் வார்த்தை "வெள்ளி போயிடும்". கூட்டின குப்பையைக் கூடக் காசாக்கற தொழில், அவரைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா வெள்ளித்தூள் பறக்கறது பாலிஷ்ல. அங்க உறிஞ்சிக்குப் பின்னாடி துணிப்பை மாட்டினா தூளும் கையில நிக்கும். பத்தவைக்கிற மேசையில போறது புகை, அதுல வெள்ளி கணக்குல வராத அளவு.

வெங்காரம்:
கையுறையை எடுத்துவிட்டேன், பஃப் சொன்னது சரி. உறிஞ்சியும் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். மாஸ்க்கை விடமாட்டேன். உறிஞ்சிக் குழாயைச் சந்துப்பக்கம் விட்டால் எதிர்வீட்டு ஜன்னலுக்குத்தான் போகும், கூரைக்கு மேலே ஏற்றணும். வாடகைக் கட்டடத்தில் கூரையை ஓட்டை போட எந்த வீட்டுக்காரர் விடுவார்?

ஊதுகுழல்:
ஜன்னல் சட்டத்தில் ஒரு பலகை அடித்து, குழாயை வெளிச்சுவரோடு மேலே கொண்டு போகலாம். கூரையைத் தொடவே வேண்டாம்.