கால்வாய் ஓரம் 64 வீடு, தெரு முனையில் மாநகராட்சியின் காலி மனை: அங்கேயே வீடு கேட்க வழி உண்டா?

ஆட்டோக்காரன்_புளியந்தோப்பு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். புளியந்தோப்பில் ஆட்டோ ஓட்டுகிறேன். ஓட்டேரி நல்லாக் கால்வாய்க் கரையில்தான் வீடு. அப்பா காலத்திலிருந்து அதே இடம். ஓலை போய் ஓடு வந்தது, ஓடு போய் சிமெண்ட் ஷீட் வந்தது, அவ்வளவுதான் மாற்றம். போன மாதம் நான்கு பேர் வந்து வரிசையாக எல்லாக் கதவிலும் சிவப்புப் பெயிண்டில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். எங்கள் கதவு 37. கடைசிக் கதவு 64. எதற்கு என்று கேட்டால் "கணக்கெடுப்பு" என்றார்கள். கதவில் எண் விழுந்தால் அடுத்து என்ன வரும் என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "பெரும்பாக்கமா, கண்ணகி நகரா?" என்று மனைவி அன்றைக்கே கேட்டுவிட்டாள். கரையோரக் குடிசைகளை எடுத்தால் நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் விடுகிற குடியிருப்புகள் அவை.

கால்வாய் ஓரம் இருப்பது ஆபத்து என்று எங்களுக்கும் தெரியும். 2015 மழையில் மூன்று நாள் மொட்டைமாடி மொட்டைமாடியாகத் தங்கினோம். அதனால் போகமாட்டேன் என்று அடம் பிடிக்கவில்லை. ஆனால் எங்கள் தெரு முனையிலேயே ஒரு காலி மனை இருக்கிறது. முன்பு தூய்மைப் பணியாளர் குடியிருப்பு இருந்தது. பழசாகிவிட்டது என்று எட்டு வருடம் முன்பு இடித்தார்கள். இப்போது தகர வேலி, நடுவில் ஒரு வேப்பமரம், கைப்பிடி இல்லாத அடிபம்பு ஒன்று. பலகையில் "இந்த இடம் மாநகராட்சிக்குச் சொந்தமானது" என்பது வரைக்கும் படிக்கலாம், மீதியைத் துரு தின்றுவிட்டது. வேலி ஓரமாக நடந்து, காலடி எட்டு போட்டு அளந்தேன்: நீளம் 80 எட்டு, அகலம் 45 எட்டு.

இந்த இடத்திலேயே எங்களுக்கு வீடு கட்டித் தரச் சொல்லி கேட்க முடியுமா? யாரிடம் கேட்பது? பொண்ணு எட்டாம் வகுப்பு, பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம். என் சவாரியெல்லாம் சென்ட்ரல், பெரம்பூர்தான். இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் போய் ஆட்டோவை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?

ஓய்வுபெற்ற_சர்வேயர்

தம்பி, எட்டு போட்டு அளந்ததே பாதி வேலை. ஓர் எட்டு இரண்டரை அடி என்று வைத்தால் 200 அடிக்கு 112 அடி. சுமார் 22,500 சதுர அடி வருகிறது. ஒரு கிரவுண்டு 2,400, ஆக ஒன்பது கிரவுண்டுக்கு மேல். உயரமில்லாத கட்டடத்துக்கு 2019 விதிகளின்படி மனைப்பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம், அதாவது 45,000 சதுர அடி. 400 சதுர அடி வீடு என்றாலும் மாடிப்படி, நடைபாதை எல்லாம் சேர்த்து வீட்டுக்கு 500 என்று போடுங்கள். 90 வீடு. மழை பெய்தால் கீழ்த்தளத்தில் தண்ணீர் நிற்கிற இடம் என்றால் தரையைத் தூணோடு விட்டுவிட்டு மேலே கட்ட வேண்டும். தெருவின் அகலத்தைப் பொறுத்து உயரமும் மாறும், அதையும் அளந்து வையுங்கள்.

ஆனால் சந்தோஷப்படுவதற்கு முன் ஒன்று. பலகையை நம்பாதீர்கள். முப்பத்தோரு வருடம் சங்கிலி இழுத்தவன் சொல்கிறேன், பலகை ஒன்று சொல்லும், பதிவேடு வேறொன்று சொல்லும். நகர நில அளவைப் பதிவேட்டில் அந்த இடத்தின் வகைப்பாடு என்ன என்று பாருங்கள். மாநகராட்சி என்று இருக்கலாம். சர்க்கார் புறம்போக்கு என்று இருக்கலாம். அப்படியானால் மாநகராட்சிக்கு அனுபவிக்கிற உரிமை மட்டும்தான், நிலம் வருவாய்த் துறையுடையது. வாய்க்கால் என்று ஒரு சொல் இருந்தால் அதில் வீடு கேட்கவே கேட்காதீர்கள், கோர்ட் நிற்க விடாது. மனைப்பிரிவு போடும்போது பூங்காவுக்கென்று தானமாக எழுதிக் கொடுத்த இடமாக இருந்தாலும் அப்படித்தான்.

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடுங்கள். மூன்றே கேள்வி: டி.எஸ். (நகர நில அளவை) எண்ணும் வகைப்பாடும் என்ன, இந்த இடத்தைப் பற்றி மாமன்றத் தீர்மானம் ஏதாவது இருக்கிறதா, வேறு எந்தத் துறையாவது முன் நுழைவு அனுமதி (நிலம் கைமாறும் முன்பே உள்ளே வேலை தொடங்க அனுமதி) கேட்டிருக்கிறதா. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். பார்க்கச் சும்மா கிடக்கிற நிலத்துக்கு ஃபைலில் ஏற்கெனவே ஓர் ஆள் துண்டு போட்டு வைத்திருப்பான்.

இன்னொன்று. 1971-இல் குடிசைப் பகுதிச் சட்டம் வந்தபோது சென்னையில் 1,202 இடங்களைக் குடிசைப் பகுதி என்று அறிவித்தார்கள். அப்புறம் 1985-இல் ஒரு 17. உங்கள் கரை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பேச உங்களுக்குக் கொஞ்சம் பிடிமானம் உண்டு.

கடைசியாக, மனுவில் எதை முதலில் எழுதுவது என்றால் இதை எழுதுங்கள்: இருக்கிற கட்டடத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டினால் குடும்பங்களை இரண்டு வருடம் வெளியே அனுப்ப வேண்டும், அதற்குப் பணம் கொடுக்க வேண்டும், போனவர்கள் திரும்பி வருவார்களா என்பதும் சந்தேகம். காலி மனையில் அந்தத் தொல்லையே இல்லை. கட்டி முடித்ததும் சாமான்களைத் தலையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நடந்தால் குடியேறிவிடலாம், அன்றைக்கே கரையும் காலி. கால்வாய்க் கரை வேண்டும் என்பவர்களுக்கும் இதுதான் சுலபமான வழி. அப்படி எழுதினால்தான் மேலே படிப்பார்கள்.

மூன்றாவது_மாடி

யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். நானும் அதே பக்கம்தான், அபார்ட்மெண்ட். அந்த இடத்தில் பூங்கா கேட்கலாமே என்றுதான் எங்கள் சங்கத்தில் பேசிக்கொண்டிருந்தோம். ஏற்கெனவே குடிநீர் லாரிக்கு வரிசை, சாக்கடை அடைப்பு. இன்னும் 90 குடும்பம் என்றால்? அதோடு, இப்படி ஒதுக்கிய வீட்டை இரண்டு வருடத்தில் விற்றுவிட்டு மறுபடி கால்வாய் ஓரம் போய்விடுகிறார்கள். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மீன்கூடை_அக்கா

தம்பி மூன்றாவது மாடி, அந்த 64 குடும்பம் புதிதாக வரவில்லையே. இப்பவும் அதே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள், அதே சாக்கடைதான். இடம் மாறுகிறது, வாய் மாறவில்லை.

விற்றுவிட்டுப் போகிறார்கள் என்றால் ஏன் என்று கேட்க வேண்டாமா? நான் கூவம் ஓரம் இருந்தவள். சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் எடுத்து எழும்பூர்ப் பக்கம் தெருத் தெருவாக விற்றேன். கண்ணகி நகருக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். வீடு இருநூறு சதுர அடிகூட இல்லை, ஆனாலும் கான்கிரீட், அதைக் குறை சொல்லமாட்டேன். மூன்று மணிக்கு எழுந்து முதல் பஸ் பிடித்தால்தான் ஏலத்துக்குப் போக முடியும். திரும்பும்போது கூடையைப் பார்த்து ஒரு நடத்துனர் ஏற்றமாட்டார், ஒருவர் கடைசி சீட்டுக்குப் போ என்பார். 2021-இலிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அது பெரிய உதவி. அதற்கு முன் ஒரு நாள் லாபத்தில் கால்வாசி டிக்கெட்டுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் போகும். எழும்பூரில் என் வாடிக்கைக்காரம்மா ஒருத்தி, நான் வர நேரமாகிறது என்று வேறு ஆளிடம் வாங்க ஆரம்பித்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, சட்டியில் குழம்பு கொதிக்க வேண்டாமா? ஒரு வருடத்தில் பதினெட்டு வாடிக்கை ஐந்து ஆகிவிட்டது. என் பக்கத்து வீட்டுக்காரி சாவியை யாரிடமோ கொடுத்துவிட்டுப் பழைய இடத்துக்கே போய்விட்டாள். பேராசையா அது?

ஆட்டோத் தம்பிக்கு ஒரு விஷயம். பட்டியல், பட்டியல், பட்டியல். கதவு எண்ணை மட்டும் நம்பாதே. ஒரு கதவுக்குள் எத்தனை அடுப்பு எரிகிறது என்று நீங்களே எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வரிசையில் கல்யாணமாகி ஒரே கூரைக்குக் கீழே தனியாகச் சமைத்த மகன்களுக்கு வீடு வரவில்லை, ஒரு கதவு ஒரு வீடு என்றுவிட்டார்கள். வயசானவர்களுக்குக் கீழ் மாடி என்றும் அதிலேயே எழுதிவிடு. லிஃப்ட் ஓடும் என்று நினைக்காதே.

கிராஞ்சி_தமிழன்

சிங்கப்பூரில் இருக்கிறேன், சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். மூன்றாவது மாடி நண்பர் சொல்லும் மறுவிற்பனைப் பயம் இங்கேயும் உண்டு. இங்கே என்ன செய்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன். ஊர் வேறு, சட்டம் வேறு, அது தெரியும்.

நகரத்தின் நடுவில் அரசு நிலத்தில் வீட்டு வாரியம் கட்டும்போது விலையைக் கூடுதலாகக் குறைத்துத் தருகிறார்கள். அதற்குப் பதிலாக 2021 கடைசியிலிருந்து அந்த மாதிரி வீடுகளுக்குக் கட்டுப்பாடு அதிகம்: பத்து வருடம் விற்க முடியாது, முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியாது, விற்கும்போது கூடுதலாகத் தந்த சலுகையில் ஒரு பங்கைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். நிலமும் 99 வருடக் குத்தகைதான். ஆக, நிலம் கையை விட்டுப் போவதே இல்லை.

நிலம் எங்கிருந்து வருகிறது என்றால் கால்ஃப் மைதானத்திலிருந்தும் குதிரைப் பந்தய மைதானத்திலிருந்தும்தான்! கெப்பல் கால்ஃப் கிளப்பின் குத்தகை 2021-இல் முடிந்தது. அங்கே ஆயிரக்கணக்கில் வாரிய வீடுகள் வருகின்றன. எங்கள் கிராஞ்சியில் 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயம் ஓடியது. 120 ஹெக்டேரையும் திருப்பிக் கொடுக்கிறார்கள், 14,000 வீடு என்று சொல்லியிருக்கிறார்கள். பந்தயம் பார்க்க வந்துகொண்டிருந்த தமிழ்ப் பெரியவர்கள் சிலருக்கு மட்டும் முகம் வாடிவிட்டது.

ஓய்வுபெற்ற_சர்வேயர்

சிங்கப்பூர்வரை போக வேண்டாம். எழுபதுகளின் கடைசியில் உலக வங்கிக் கடனில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனை போட்டார்களே, அதே மனைப்பிரிவில் சின்ன மனையும் பெரிய மனையும் கலந்து இருக்கும். பெரியதைச் சந்தை விலைக்கு விற்று, சின்னதைச் சல்லிசாகக் கொடுத்தார்கள். கழிப்பறை மட்டும் கட்டிக் கொடுத்து மீதியை நீயே கட்டிக்கொள் என்றார்கள். அப்போது "இதென்ன, கக்கூஸ் மட்டும் நிற்கிறது" என்று நாங்களே சிரித்தோம். இப்போது அங்கே போய்ப் பாருங்கள், எந்த வீடு எந்த மனையில் நிற்கிறது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. மூன்றாவது மாடி சார், உங்கள் பூங்காவும் ஒரு நியாயமான ஆசைதான். வேப்பமரத்தைச் சுற்றிக் கொஞ்சம் விட்டுக் கட்டச் சொல்லுங்கள், உங்கள் சங்கமும் அந்த மனுவில் கையெழுத்துப் போடட்டும்.

ஆட்டோக்காரன்_புளியந்தோப்பு

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். தகவல் உரிமைப் பதில் 27-ஆம் நாள் வந்தது. இரண்டு டி.எஸ். எண். பெரியது மாநகராட்சி என்றே இருக்கிறது. தீர்மானம் எதுவும் இல்லை, வேறு துறை கேட்கவும் இல்லை. சின்னது வாய்க்கால். சர்வேயர் சார் சொன்னபடி அதை விட்டுவிட்டேன். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி எட்டு போட்டேன். வாய்க்கால் போக நீளம் 60 எட்டு நிற்கிறது. சார் போட்ட கணக்குப்படியே போட்டால் 67 வீடு. 64 கதவு. மூன்று வீடு மிச்சம் என்று வீட்டில் சொல்லி, அன்றைக்கு டீ எல்லாம் வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம் மீன்கூடை அக்கா சொன்ன பட்டியலை எழுத உட்கார்ந்தோம். என் பொண்ணு நோட்டில் எழுத, மனைவி கதவு கதவாகச் சொன்னாள். 12-ஆம் எண்ணில் இரண்டு அடுப்பு. 29-இல் மூன்று. 51-இல் மாமியார் தனியாகச் சமைக்கிறார், மருமகள் தனியாக. இரவு பதினொரு மணிக்குக் கூட்டிப் பார்த்தால் 75.

சார், தெரு அகலமாக இருந்தால் இன்னும் ஒரு மாடி ஏற்ற முடியுமா? பகுதி சபைக் கூட்டத்தில் (வார்டு மக்கள் குறை சொல்லும் கூட்டம்) மனுவைக் கொடுப்பதற்கு முன் எனக்கு அது தெரிய வேண்டும். மூன்றாவது மாடி அண்ணன் டேப் தருகிறேன் என்றிருக்கிறார். நாளைக் காலை வண்டி எல்லாம் எடுத்த பிறகு தெருவை அளந்து எழுதுகிறேன்.