தம்பிக்கு ஹெபடைடிஸ் பி சிகிச்சை ஊசியை 180 மைக்ரோகிராமிலிருந்து 135 ஆகக் குறைத்துவிட்டார்கள், பயப்பட வேண்டுமா?

ஆர்கேபுரம்_அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் டெல்லி ஆர்.கே.புரம், சொந்த ஊர் தஞ்சாவூர். தம்பிக்கு 29 வயது, குர்கானில் வேலை. ஆபீஸில் நடந்த ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்த பிறகுதான் அவனுக்கு ஹெபடைடிஸ் பி இருப்பதே தெரிந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தும் போகவில்லை. ஈ ஆன்டிஜென் (வைரஸ் வேகமாகப் பெருகுவதைக் காட்டும் புரதம்) பாசிட்டிவ், எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 110, வைரஸ் வகை ஜீனோடைப் ஏ, ஸ்கேனில் கல்லீரல் இறுக்கம் பெரிதாக இல்லை. டாக்டர் இரண்டு வழி சொன்னார்: வருடக்கணக்கில் தினம் ஒரு மாத்திரை, இல்லாவிட்டால் வாரம் ஒரு பெக்இன்டர்ஃபெரான் ஊசி, 48 வாரம். பெண் பார்க்கும் நேரம், தினமும் மாத்திரை டப்பாவோடு அலைய முடியாது என்று இவன் ஊசியைத் தேர்ந்தெடுத்தான்.

ஆறு ஊசி போட்டாயிற்று. போன வாரம் ரத்தம் கொடுத்தோம். மொத்த வெள்ளை அணு 2,300, அதில் நியூட்ரோஃபில் (கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணு வகை) 30 சதவீதம், பிளேட்லெட் 1 லட்சத்து 10 ஆயிரம், எஸ்ஜிபிடி 170. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், சீட்டில் 180-ஐ அடித்து 135 என்று எழுதினார், இரண்டு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்கச் சொன்னார், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்த பிறகுதான் கேள்வியெல்லாம் வருகிறது.

ஃபிரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நாலு சிரிஞ்ச் இருக்கிறது, எல்லாமே 180. இதில் 135 எப்படிப் போடுவது? எங்கள் தெருக் கிளினிக் கம்பவுண்டரிடம் கேட்டால் "முக்கால் மில்லி போட வேண்டும், நான் முன்னாடியே போட்டிருக்கிறேன்" என்கிறார். சிரிஞ்சில் இருப்பதே அரை மில்லிதானே! அப்புறம், மருந்தைக் குறைத்தால் இத்தனை நாள் பட்டது வீணா? எஸ்ஜிபிடி வேறு ஏறியிருக்கிறது. அம்மா ஊரிலிருந்து தினமும் போன் செய்து கீழாநெல்லி அரைத்துக் கொடு, ஊசியை நிறுத்து என்கிறாள். வெள்ளிக்கிழமை அடுத்த ஊசி. யாராவது சொல்லுங்களேன்.

ஊசிக்காரன்48:

அக்கா, நான் இந்த 48-ஐயும் போட்டு முடித்தவன், மயூர் விஹாரில் இருக்கிறேன். எனக்கும் எட்டாவது வாரத்தில் குறைத்தார்கள், பிறகு ஏற்றினார்கள். இதில் இது சாதாரணம். மருந்து விஷயம் டாக்டர்கள் சொல்லட்டும், கூட இருந்து பார்க்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

வெள்ளி ராத்திரி ஊசி என்பது நல்ல ஏற்பாடு, சனிக்கிழமை குளிரும் காய்ச்சலும் உடம்பு வலியும் அடித்துப் போட்டாலும் திங்கட்கிழமை மெட்ரோவில் நிற்கலாம். எனக்கு முதல் ஊசிக்கு ஜூன் மாத டெல்லியில் ரஜாய் போர்த்திக்கொண்டு நடுங்கினேன், மனைவி ஏசியை அணைத்துவிட்டு விசிறிக்கொண்டிருந்தாள். நாலைந்து ஊசிக்குப் பிறகு காய்ச்சல் குறைந்தது. பாரசிட்டமால் எவ்வளவு என்று டாக்டரிடம் அளவு கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஊசி போட்ட ராத்திரியே போட்டுவிடுவேன்.

காய்ச்சலைவிட முக்கியம் மனசு. எனக்கு நாலாவது மாதம் தூக்கம் போயிற்று. ரொட்டி சூடாக இல்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன், கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அப்படி ஒருநாளும் செய்ததில்லை. எனக்கே தெரியவில்லை, மனைவிதான் டாக்டரிடம் வந்து சொன்னாள். அவர் உடனே மனநல மருத்துவரிடம் அனுப்பினார், டோஸையும் குறைத்தார். ஊசி தொடங்குவதற்கு முன்னாலேயே வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு இருந்ததா என்று கேட்டார்கள், அப்போது எதற்கு என்று சிரித்தேன். தம்பி பேச்சு குறைந்தாலோ, எரிந்து விழுந்தாலோ, செத்துப் போகலாம் என்று விளையாட்டாகச் சொன்னாலும்கூட அடுத்த ஓபிடி (வெளிநோயாளிப் பிரிவு) நாள் வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூப்பிடுங்கள்.

முடி கொஞ்சம் சீப்போடு வரும், பயப்பட வேண்டாம், எனக்குத் திரும்ப வந்தது.

வைகைக்கரை_டாக்டர்:

நான் மதுரைக்காரன், டெல்லியில் குடல்–கல்லீரல் பிரிவில் மேற்படிப்புப் படிக்கிறேன். உங்கள் தம்பியை நான் பார்க்கவில்லை, அதனால் பொதுவாக எல்லோரும் பின்பற்றும் கணக்கைச் சொல்கிறேன், முடிவு உங்கள் டாக்டருடையது.

முதலில் அந்த 2,300. மொத்த எண்ணிக்கையைப் பார்த்து யாரும் டோஸ் குறைப்பதில்லை, அதில் நியூட்ரோஃபில் எத்தனை என்பதுதான் கணக்கு. 2,300-ல் 30 சதவீதம் 690. இது 750-க்குக் கீழே போனால் 180-ஐ 135 ஆக்குவோம். 500-க்குக் கீழே போனால் ஊசியையே நிறுத்தி வைத்து, 1,000-க்கு மேல் வந்த பிறகு 90-ல் தொடங்குவோம். பிளேட்லெட்டுக்கு வேறு கோடு: 50,000-க்குக் கீழே 90, 25,000-க்குக் கீழே நிறுத்தம். உங்கள் டாக்டர் இரண்டு நிமிடத்தில் பார்த்தது இந்த 690-ஐத்தான். வாயால் ஒரு வரி சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எங்கள் ஓபிடி நெரிசல் இதற்குச் சாக்கு இல்லை, ஆனால் எழுதியது சரியான டோஸ்.

இந்த மருந்து வைரஸை நேராகக் கொல்லும் விஷம் மாதிரி இல்லை. இன்டர்ஃபெரான் நம் உடம்பே சுரக்கும் பொருள், 1957-ல் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டுபிடித்துப் பெயர் வைத்தார்கள். அது நோயெதிர்ப்பு அணுக்களை உசுப்பிவிட்டு வைரஸ் ஒளிந்திருக்கும் கல்லீரல் செல்களைத் தேடவைக்கிறது. பழைய இன்டர்ஃபெரான் உடம்பில் சீக்கிரம் கரைந்துவிடும், வாரத்துக்கு மூன்று முறை குத்த வேண்டும். அதோடு பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வாலை ஒட்டி வாரம் முழுவதும் தாக்குப்பிடிக்க வைத்ததுதான் 'பெக்'. அதே மருந்து எலும்பு மஜ்ஜையையும் கொஞ்சம் அமுக்கும், அதனால் அணுக்கள் குறையும். டோஸைக் குறைத்தால் பெரும்பாலும் மேலே வந்துவிடும். இடையில் 135-ல் சில வாரம் ஓடியதால் சிகிச்சை வீண் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பாதியில் விட்டுவிடுவதுதான் நஷ்டம்.

எஸ்ஜிபிடி 170 என்பது நார்மலின் நாலு மடங்கு சொச்சம். ஊசி வேலை செய்யத் தொடங்கும்போது, பாதித்த செல்கள் அடிபடுவதால் இது ஏறலாம், சில பேருக்கு அது நல்ல அறிகுறியாகவும் முடியும். ஐந்து மடங்கைத் தாண்டினால் அடிக்கடி ரத்தம் பார்ப்போம், டோஸைக் குறைப்பதா, கொஞ்ச நாள் நிறுத்துவதா என்று யோசிப்போம். கூடவே பிலிருபினும் (காமாலையில் ஏறும் மஞ்சள் நிறப்பொருள்) ஏறினால், கண் மஞ்சளித்தால், அது வேறு கதை, ஓடி வாருங்கள். கல்லீரல் ஏற்கெனவே சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு இந்த ஊசியைத் தொடவே மாட்டோம், காரணம் இந்த ஏற்றத்தை அவர்கள் கல்லீரல் தாங்காது.

பலன் பற்றி மிகைப்படுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 48 வாரம் முடித்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஈ ஆன்டிஜென் போய் எதிர்ப்பொருள் வருவது மூன்றில் ஒருவருக்குச் சற்றே குறைவு, 2005-ல் வந்த பெரிய ஆய்வில் 32 சதவீதம். எஸ் ஆன்டிஜெனே (ரத்தத்தில் வைரஸ் இருப்பதைக் காட்டும் மேலுறைப் புரதம்) போவது 100-க்கு ஒரு சிலருக்குத்தான். ஜீனோடைப் ஏ, எஸ்ஜிபிடி இரண்டு மடங்குக்கு மேல், இள வயது, உங்கள் தம்பி மாதிரி ஆட்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம், டாக்டர் ஊசியையும் ஒரு வழியாகச் சொன்னதற்குக் காரணம் அதுதான். 12-ஆம் வாரம் எஸ் ஆன்டிஜென் அளவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கொஞ்சமும் இறங்கவில்லையென்றால் தொடர்வதா என்ற பேச்சு அப்போதே வரும், 24-ஆம் வாரமும் 20,000-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாறுவோம். டெனோஃபோவிர், என்டெகாவிர் இரண்டும் தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தில் (2018-ல் வந்தது) இலவசமாகவே கிடைக்கும், ஆகவே அது தோல்வி இல்லை.

தைராய்டு 12 வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், மறந்துவிடாதீர்கள், பலர் மறக்கிறார்கள்.

யூசுஃப்சராய்_மருந்தகம்:

டாக்டர் சார் மற்றதைச் சொல்லிவிட்டார், நான் சிரிஞ்சுக்கு வருகிறேன். எய்ம்ஸ் எதிரில் மருந்துக்கடையில் பதினோரு வருடமாக நிற்கிறேன், இந்தக் குழப்பம் மாதம் ஒருமுறை வருகிறது.

இந்த ஊசி இரண்டு வடிவத்தில் உண்டு. குப்பியில் (வயலில்) ஒரு மில்லியில் 180 மைக்ரோகிராம். ரெடிமேட் சிரிஞ்சில் அரை மில்லியில் 180 மைக்ரோகிராம். இரண்டிலும் மருந்து ஒன்றுதான், தண்ணீர்தான் பாதி. உங்கள் கம்பவுண்டர் முன்னால் போட்டது குப்பியிலிருந்து, அதில் 135-க்கு 0.75 மில்லி, அவர் சொன்னது அங்கே சரி. உங்கள் கையில் இருப்பது சிரிஞ்ச், இதில் 135 என்றால் 0.375 மில்லி. யாராவது இரண்டு சிரிஞ்சை உடைத்துச் சேர்த்து முக்கால் மில்லி ஏற்றினால் 270 ஆகிவிடும்! அதனால் யாரிடம் பேசினாலும் மில்லி பேசாதீர்கள், மைக்ரோகிராம் பேசுங்கள். 135 என்றே தனி சிரிஞ்சும் கம்பெனி போட்டது, கடையில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் சிரிஞ்சில் 135-க்குக் கோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதிகப்படி மருந்தை முதலில் பஞ்சில் தள்ளிவிட்டு மீதியைப் போட வேண்டும். கோடு இல்லையென்றால் குத்துமதிப்பாகத் தள்ளாதீர்கள், வெள்ளிக்கிழமை சிரிஞ்சை எடுத்துக்கொண்டு ஓபிடி நர்ஸிடம் போய்விடுங்கள். தள்ளிவிட்ட மருந்து போனது போனதுதான், அடுத்த வாரத்துக்குச் சேர்த்து வைக்கக் கூடாது. விலையைப் பார்த்தால் வயிறு எரியும், என்ன செய்ய.

இன்னொன்று. கடைக்காரர் 'இது இல்லை, அதே பெக்இன்டர்ஃபெரான்தான்' என்று வேறு கம்பெனிப் பெட்டியைக் கொடுத்தால் ஆல்ஃபா-2ஏ-யா 2பி-யா என்று பாருங்கள். 2ஏ எல்லா எடைக்கும் 180 என்று தொடங்குவது, 2பி-யைப் பொதுவாக உடம்பு எடைக்குக் கணக்குப் போட்டுத் தருவார்கள். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று போட்டால் கணக்கே தப்பு. டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

பகீரத் பேலஸ் மருந்துச் சந்தையில் மலிவு என்று ஒருவர் போன மே மாதம் வாங்கி வந்தார், பாலிதீன் பையில், ஐஸ் இல்லாமல், 44 டிகிரி வெயிலில் சாந்தினி சவுக்கிலிருந்து ஆட்டோவில். நான் அதைத் தொடவில்லை. 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. தெர்மோகோல் டப்பா கொண்டு போங்கள், ஐஸ் பேக்குக்கும் மருந்துப் பெட்டிக்கும் நடுவில் ஒரு துண்டு வையுங்கள், ஏனென்றால் உறைந்துவிட்டாலும் அது வீண். ஃபிரிட்ஜில் ஃபிரீசருக்குக் கீழே ஒட்டிவைக்காதீர்கள், கதவிலும் வேண்டாம். மாவுப் பாத்திரத்துக்குப் பக்கம் பரவாயில்லை, மாவு பொங்கி பெட்டி மேல் வழியாமல் பார்த்துக்கொண்டால் சரி. போடும் முன் எடுத்துக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துச் சில்லிப்பு போனதும் போடலாம், குலுக்க வேண்டாம். வயிறு, தொடை என்று வாரத்துக்கு வாரம் இடம் மாற்றுங்கள்.

கரோல்பாக்_தாத்தா:

அம்மா சொல்வதைத் தட்டாதேம்மா. கீழாநெல்லியைப் பற்றிச் சென்னையில் ஆராய்ச்சியே நடந்தது, லான்செட் மருத்துவ இதழில் வந்தது, இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய ப்ளம்பர்க்கே அதில் கையெழுத்து. எங்கள் காலத்தில் மோரில் அரைத்துக் கொடுத்து எத்தனை காமாலை போயிருக்கிறது. எங்கள் சம்பந்தி ஒருவர் இந்த ஊசி போட்டு ரத்தமே வற்றிப் போனார், நான் கண்ணால் பார்த்தேன்.

வைகைக்கரை_டாக்டர்:

தாத்தா, அந்த ஆய்வு உண்மை, 1988. 37 பேரில் 22 பேருக்கு எஸ் ஆன்டிஜென் போனதாகச் சொன்னார்கள். நானும் படித்து அசந்திருக்கிறேன், நம் ஊர்க் கீரையாச்சே. ஆனால் அதற்குப் பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. மோரில் அரைத்துக் கொடுத்துப் போனது பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ மாதிரி தானாகவே போகும் காமாலை, கொடுக்காவிட்டாலும் போயிருக்கும். இப்போது எஸ்ஜிபிடி ஏறும் நேரம். கூடவே இன்னொன்றைக் கொடுத்தால் ஏறியது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் என் நோயாளிகளிடம் கேட்பது அது ஒன்றுதான், எதைச் சாப்பிட்டாலும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் சம்பந்திக்கு அநேகமாக ஹெபடைடிஸ் சி இருந்திருக்கும். அதற்கு அப்போது இதே ஊசியோடு ரிபாவிரின் மாத்திரையும் தருவார்கள், ஹீமோகுளோபினைச் சரித்தது பெரும்பாலும் அந்த மாத்திரைதான். இந்தத் தம்பிக்கு ரிபாவிரின் கிடையாது. சி-க்கு இப்போது ஊசியே வேண்டாம், 12 வாரம் மாத்திரையில் பெரும்பாலோருக்குப் போய்விடுகிறது.

அக்கா, வீட்டில் எல்லோரும் எஸ் ஆன்டிஜென் பார்த்துக்கொண்டீர்களா? இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி, 0, 1, 6 மாதம். பெண் பார்க்கிறீர்கள் என்கிறீர்கள், அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள், அவருக்கும் போட்டுவிடலாம்.

ஆர்கேபுரம்_அக்கா:

எல்லோருக்கும் நன்றி. தாத்தா, கோபம் வேண்டாம், அம்மாவிடம் லான்செட் கதையைச் சொன்னேன், அவளுக்கு ஒரே பெருமை, ஆனால் ஊசி முடிந்த பிறகு பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சிரிஞ்சைத் துண்டில் சுற்றி டப்பாவில் வைத்து ஓபிடிக்கே கொண்டுபோனோம். நர்ஸ் மலையாளி, தமிழ் நன்றாகப் பேசினார். சிரிஞ்சைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து மூன்று சொட்டு, நாலு சொட்டு என்று பஞ்சில் விட்டுக் காட்டினார், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். கம்பவுண்டரிடமும் குப்பி, சிரிஞ்ச் வித்தியாசத்தைச் சொன்னேன், "ஓஹோ" என்றார், அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து இன்றைக்கு ரிப்போர்ட் வந்தது: வெள்ளை அணு 3,100, நியூட்ரோஃபில் 38. நானே போனில் பெருக்கிப் பார்த்தேன், 1,178. எஸ்ஜிபிடி 150. டாக்டர் இன்னும் இரண்டு வாரம் 135 போகட்டும் என்றார். இந்த முறை காரணத்தையும் கேட்டுவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.